கையெழுத்து படிப்பவள்

ஜெரல்டின் திபோடோ வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து எட்டாவது குளிர்காலம் இது. அவளோடு சேர்ந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள், மூன்று பேர் வாங்காமலே போனார்கள். அந்தப் பிரெய்ரிச் சமவெளி ஊரின் பனியில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

நூலகத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. காலையில் அங்கே போய் உட்கார்ந்தால் வெளியே பனி பெய்கிறதா வெயிலடிக்கிறதா என்று எதுவும் தெரியாது. முதலாண்டு மாணவர்களின் எழுபது கட்டுரைகளைத் திருத்துவாள். துறையில் யாராவது சொற்பொழிவு ஆற்றினால் கடைசி வரிசையில் போய் உட்கார்வாள், முடிந்ததும் மீந்த சாண்ட்விச்சுகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவருவாள். மிச்ச நேரமெல்லாம் மனுக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கரையோரத்து மீனவ விதவைகள் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டவை. கோழி கிளறியது போலிருக்கும் அந்தக் கையெழுத்தை அவள் செய்தித்தாள் மாதிரி படிப்பாள்.

அவளுடைய மேற்பார்வையாளர் வார்விக் எல்ஸ்மோருக்கு அது வராது. அதே மனுக்களை வைத்துத்தான் அவரும் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வாரம் இருபது பக்கம் அவள் படித்துத் தட்டச்சு செய்து கொடுப்பாள். அது உதவியாளர் வேலை என்று ஆரம்பித்தது. அந்த வேலைக்கான ஒப்பந்தம் முடிந்து மூன்று வருடமாகியும் பக்கங்கள் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய ஆய்வேட்டின் ஐந்து அத்தியாயங்களும் முடிந்துவிட்டன. "ஆறாவது ஒண்ணு இருந்தா முழுசா இருக்கும். ஆறு மாசம் போதும்" என்று அவர் சொல்லியும் மூன்று வருடம் ஆகிவிட்டது.

நவம்பரில் அவளுடைய சொந்த ஊரான மோன்க்டனில் ஆவணக் காப்பகம் ஒன்று ஆள் கேட்டது. பழைய பிரெஞ்சுக் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர் வேண்டுமாம். விளம்பரத்தைப் பார்த்தபோது தன் பெயரை மட்டும் போட மறந்துவிட்டார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது. விண்ணப்பித்தாள். சிபாரிசுக் கடிதம் கேட்டபோது எல்ஸ்மோர், "அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு" என்றார்.

ஜனவரியில் ஒருநாள் துறை அலுவலகத்தில் நகலெடுக்கப் போனவளை, அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் லோர்னா கூப்பிட்டாள்.

"கதவைச் சாத்திட்டு வா, கண்ணு. நான் சொன்னேன்னு வெளியில சொல்லாதே. மோன்க்டன்ல இருந்து மூணு தடவை ஞாபகப்படுத்தி எழுதியிருக்காங்க. அவர் கடிதம் போகவே இல்லை. கெடு வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுபோச்சு."

"மறந்திருப்பார்."

"மூணு தடவையுமா?"

ஜெரல்டின் நேரே எல்ஸ்மோரின் அறைக்குப் போனாள். அவர் மேஜைமேல் குனிந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு நகலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வார்விக், நீங்க கடிதம் அனுப்பலையா?"

அவர் நிமிர்ந்தார். மழுப்புவார் என்று எதிர்பார்த்தாள். மழுப்பவில்லை.

"அனுப்பலை. அனுப்பினா அந்த வேலை உனக்குத்தான். கிடைச்சா இந்த ஆய்வேட்டை அப்படியே போட்டுட்டுப் போயிடுவே. எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கேன்! உன் நல்லதுக்குத்தான்மா."

"என் நல்லது எதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கோபம் வரத்தான் செய்யும். உட்காரு. அதிருக்கட்டும், இந்த வார்த்தை என்னன்னு பாரேன். 'வலை'யா, 'மகனா'? பிரெஞ்சுல ரெண்டும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது."

நகலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குனிந்து பார்த்தாள்.

"மகன்," என்றாள். "மகனைக் கடல் கொண்டுபோச்சுன்னு எழுதியிருக்கா."

"பிரமாதம்" என்று அவர் குறித்துக்கொண்டார்.

தாழ்வாரத்துக்கு வந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கு உறைத்தது. சண்டை போடப் போனவள் வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சுவரில் சாய்ந்து நின்றாள். யாரும் கதவைப் பூட்டவில்லை, இருந்தும் எட்டு வருடமாக உள்ளேயே இருந்திருக்கிறாள்.

நடந்ததைக் கேட்ட லோர்னா விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினாள். மேற்பார்வையாளர் சம்மதிக்காவிட்டாலும் மாணவர் தன் பொறுப்பில் ஆய்வேட்டைத் தேர்வுக்கு அனுப்பலாம்.

"இருபத்திரண்டு வருஷத்துல ரெண்டே பேர்தான் செஞ்சிருக்காங்க. ஒருத்தன் தேறினான். இன்னொருத்தனைப் பட்டம் தராம வெளியே அனுப்பிட்டாங்க. தோத்தா மறுபடி வாய்ப்பு கிடையாது, பார்த்துக்க."

அவளோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த டோபியாஸ், தத்துவத் துறையில் ஆறாம் வருடத்தில் இருந்தவன், அவள் சொன்னதைக் கேட்டுப் பதறிப்போனான்.

"பைத்தியமா உனக்கு? அவரைப் பகைச்சுக்கிட்டு இந்தத் துறையில எங்க போவே? இன்னும் ஒரு அத்தியாயம்தானே, எழுதிக் குடுத்துட்டுப் போயேன்."

"அப்புறம் ஏழாவது கேட்பார், டோபி."

"நீயே கற்பனை பண்ணிக்கிறே."

"இருக்கலாம். ஆனா அவருக்கு இன்னும் நானூறு பக்கம் படிக்க வேண்டியிருக்கு. அது கற்பனை இல்லை."

இருந்தும் தேர்வுக்கான படிவத்தைப் பதினேழு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். அந்த நாட்களிலும் அவருக்குப் பக்கங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. பதினெட்டாம் நாள் லோர்னாவின் மேஜையில் படிவத்தை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கிப் போனாள்.

ஏப்ரலில் தேர்வு. எல்ஸ்மோரும் வந்து ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் இமெல்டா குவிக்லி மூன்றாவது அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"இந்த மனுவை வேற மாதிரி படிச்சவங்க இருக்காங்க. நீங்க படிச்சதுதான் சரின்னு எதை வச்சு சொல்றீங்க?"

ஜெரல்டின் அந்த மனுவின் நகலைத் தேடித் தாள்களைப் புரட்டினாள். ஓரத்திலிருந்து எல்ஸ்மோர் தொண்டையைச் செருமினார்.

"நான் பேசக்கூடாதுதான். ஆனா அவ படிச்சது சரி. வேற மாதிரி படிச்சது நான். எனக்கு அந்தக் கையெழுத்து படிக்க வராது."

அதைச் சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அவர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேல் எரிச்சலும் வந்தது. இந்த இரக்கம்தானே இத்தனை வருடமும் அவளைப் பிடித்து வைத்திருந்தது! அவள் எழுந்து பலகைக்குப் போய், விதவைக்காக மனு எழுதிய எழுத்தர் ஒவ்வோர் எழுத்தையும் எப்படி வளைத்திருக்கிறார் என்று போட்டுக் காட்டினாள்.

தேறிவிட்டாள். சில திருத்தங்கள் சொன்னார்கள். வழக்கமாக மேற்பார்வையாளர் பார்க்கும் அவற்றை நீங்களே பார்த்துச் சரிசொல்ல முடியுமா என்று குவிக்லியிடம் கேட்டாள். அவர் ஏன் என்று கேட்காமல் ஒப்புக்கொண்டார்.

மோன்க்டன் வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டிருந்தார். அங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு கடலோரக் கிராமத்து அருங்காட்சியகத்தில் ஆறு மாத வேலை கிடைத்தது. ஜூனில் போய்ச் சேர்ந்தாள். பொறுப்பாளரம்மா பழைய கையெழுத்துத் தாள்கள் நிறைந்த ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்து, "உங்க இஷ்டப்படி செய்ங்க" என்று சொல்லிவிட்டு வெளியூர் கிளம்பிவிட்டார்.

மதியம் பசித்தது. யாரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவது என்று தெரியாமல் ஜெரல்டின் அரை மணி நேரம் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போனாள்.