நாற்பது நிமிட மண் கணக்கு

மண் பரிசோதனைக்கூட ஆய்வாளர் தனக்கு வேண்டிய புரோகிராமைத் தானே எழுதிக்கொண்டவர். மூவாயிரம் மண் மாதிரிகளுக்கு எந்த உரம், எவ்வளவு என்று முடிவு சொல்ல அது நாற்பது நிமிடம் எடுத்தது. கணக்குதான் கடினம் என்று நம்பி, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு அதைச் செதுக்கினார். நாற்பது நாற்பதாகவே இருந்தது.

கடைசியில் மென்பொருள் வேலை பார்க்கும் நாத்தனாரைக் கூப்பிட்டார். அவள் எதையும் தொடாமல், எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று அளந்தாள்.

“அண்ணி, கணக்குக்கு நாலே செகண்டுதான்.”

“மிச்சம்?”

“ஒவ்வொரு மாதிரிக்கும் உரப் பட்டியல் ஃபைலைத் திறந்து முதல்லேருந்து படிக்குது.”

“மூவாயிரம் தடவையா?”

“மூவாயிரம் தடவை.”

படிக்கும் வரியை அவள் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு மேலே தூக்கி வைத்தாள். இப்போது பட்டியலை ஒரே தடவைதான் படித்தது; வேலை ஆறு செகண்டில் முடிந்தது. ஆய்வாளருக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பழையதையும் ஓடவிட்டு, நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, இரண்டு முடிவுகளையும் ஒப்பிட்டார். இம்மி பிசகவில்லை.

“வலி கால்ல. நான் தலைக்குத் தைலம் தேச்சிருக்கேன்,” என்றார்.

பிறகு தன் இன்னொரு புரோகிராமைத் திறந்து, கை பரபரத்தாலும் திருத்தாமல், முதலில் அளந்தார்.