விட்டுப்போன பாவம்

1956-ல், தூத்துக்குடியில் மூன்று மாதம் சங்கு குளித்துவிட்டு, அக்காள்மடத்துச் சிலுவைமுத்து வீடு திரும்பியது சாம்பல் புதனுக்கு முந்தின நாள். மறுநாள் தவக்காலம் தொடங்கியது. நாற்பது நாளும் புருஷனும் பெஞ்சாதியும் தனித்தனிப் பாயில் படுப்பது அந்தத் தெருவின் வழக்கம். வெள்ளிக்கிழமை அவனுக்குச் சிறுநீர் எரிந்தது. சனிக்கிழமை சீழ் வந்தது.

டாக்டரிடம் போகாமல் கோயிலுக்குப் போனான். தூத்துக்குடியில் ஒரு பெண்ணிடம் போனதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான். சாமியார் மன்னித்து, ஐந்து செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னான். எரிச்சல் தீரவில்லை. ஏதோ பாவம் விட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, அடுத்த சனிக்கிழமை மச்சான் வலையில் நண்டு எடுத்ததைச் சொன்னான். அதற்கடுத்த வாரம், ஏழு வயதில் பூசையில் தூங்கியதைச் சொன்னான். சாமியாருக்கே அலுத்துவிட்டது. இப்படி ஒரு மடையன் எங்கும் கிடையாது. ஆனால் அவன் பயம் நிஜம்.

ஐந்தாவது வாரம், நடக்க முடியாமல் ராமநாதபுரத்துக்கு ரயிலேறினான். டாக்டர் பென்சிலின் ஊசி போட்டார்.

"சம்சாரத்தையும் கூட்டிட்டு வா. அவங்களுக்கும் போடணும்."

"தவக்காலங்கய்யா. நாங்க தொட்டுக்கிறதில்ல."

"அதுக்கு முந்தி?"

"ஒரே ஒரு ராத்திரி."

"ஒண்ணு போதும். பொம்பளைகளுக்கு வெளிய தெரியாது. விட்டா, பிள்ளை தங்காமப் போயிரும்."

கல்யாணமாகி இரண்டு வருஷமாக அவன் பெஞ்சாதி ஜோதிமேரி பிள்ளைக்குத்தான் நேர்ந்துகொண்டிருந்தாள். சிலுவைமுத்துவுக்கு ரயிலில் அழுகை வந்தது.

வீட்டில் அவள் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னான். "சாமியாருகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

"எங்கூட இருந்த ராத்திரிய?"

"அது பாவமில்லையே. நீ என் பெஞ்சாதி."

அவள் அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு வெகுநேரம் அழுதாள். பிறகு, "நாளைக்கி மொத ரயிலுக்குப் போறோம்" என்றாள்.

அவளுக்கும் ஊசி போட்டுவிட்டு, டாக்டர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "ரெண்டு பேருக்கும் சுத்தமாயிருச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் சேராதீங்க. அதுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு இந்த ரப்பர் உறையப் போட்டுக்கிடணும்."

சிலுவைமுத்து கையை நீட்டவில்லை. "எங்க கோயில்ல இது பாவங்கய்யா."

ஜோதிமேரி பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

"பாவத்தை நீங்க போயிச் சொல்லிக்கிடுங்க. சீக்கு எனக்குல்ல வரும்."