இரண்டாவது கோடு

அலங்கார மீன் கடையில் அவனுக்கு ரப்பர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் நாள் முழுக்க பிளாஸ்டிக் பையின் கழுத்தை முறுக்கி ரப்பர் பேண்ட் போடுகிறவனை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சமெல்லாம் சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜன். பை பந்து மாதிரி விம்ம வேண்டும். விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியாக இருந்தால்தான் பெட்டிக்குள் வைப்பான். "கஞ்சத்தனம் பண்ணினா மீன் வாயைப் பிளந்துடும்" என்பது அவனுடைய வேதம். அவன் கட்டின பையில் மீன் செத்துப் போனது என்று வெளியூரிலிருந்து யாரும் இதுவரை போன் பண்ணியதில்லை.

இந்த வேலையில் மீனைப் பார்க்கிறோம் என்று பெயர், பார்ப்பதெல்லாம் மூச்சைத்தான். தீனிக்காக வைத்திருக்கும் தட்டில் புழுக்கள் தலையைச் சேற்றில் புதைத்துக்கொண்டு வாலை மேலே நீட்டி ஆட்டும். அவற்றுக்கு வால் வழியாகத்தான் மூச்சு. தொட்டித் தவளைக்குத் தோல் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் கதை முடிந்தது. ஒரு சாதி நத்தை மெல்ல ஏறி வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போகும். தங்கமீன் வாயைத் திறந்து தண்ணீரை வாங்கிச் செவுள் வழியாக விட்டுக்கொண்டே இருக்கும். வழிதான் வேறு, வேலை ஒன்றுதான். அந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் அவனுக்கு வேடிக்கையாக இருக்கும். இப்போது பார்த்தாலே அலுப்புத் தட்டியது.

காரணம் வீட்டில் இருந்தது. அப்பா லாரிகளுக்கு பெயின்ட் அடித்தவர். மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னவர்களையெல்லாம் சிரித்தே விரட்டியவர். அந்த பெயின்ட் புகையெல்லாம் வட்டியும் முதலுமாக இப்போது நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மிஷின். அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்கு. மிஷினின் முகப்பில் கண்ணாடிக் குழல் ஒன்று, அதற்குள் மிளகு அளவு உருண்டை ஒன்று மிதக்கும். திருகைத் திருப்பினால் உருண்டை ஏறும், இறங்கும். மிஷினைக் கொண்டுவந்து பொருத்திய நர்ஸ், உருண்டை இரண்டாவது கோட்டிலேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. மிஷின் தேய்ந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டான்.

பகலில் அக்கா வந்து பார்த்துக்கொள்வாள். தைக்க வாங்கின துணிகளையும் கூடவே கொண்டுவந்து, மூலையில் கிடக்கும் தையல் மெஷினில் தைப்பாள். மற்ற நேரமெல்லாம் இவன் பொறுப்பு. ஒரே அறை. அப்பா ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இறைக்கிற மாதிரி இழுப்பார். அந்தச் சத்தத்தில் அவன் கண் அசந்து பல நாள் ஆயிற்று. சத்தம் இருந்தாலும் தூக்கம் வராது. நின்றாலும் பதறி எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

அன்று காலை அப்பாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. உதட்டில் நீலம். என்னப்பா செய்யுது என்று கேட்டான். அப்பா வார்த்தைகளை எண்ணித்தான் செலவழிப்பார்.

"முட்டுது."

அவன் திருகைப் பார்த்தான். இரண்டாவது கோடு. இத்தனை பெரிய குழலில் உருண்டை அடியில் கிடந்தது. இப்படி ஒரு பையைக் கடையில் எவனாவது கட்டியிருந்தால் காதைத் திருகியிருப்பான். ஊரார் வீட்டு மீனுக்கு அள்ளிக் கொடுக்கிற கை பெற்ற அப்பனுக்கு மட்டும் கிள்ளிக் கொடுப்பதா? திருகைக் கடைசிவரை திருப்பினான். உருண்டை துள்ளி உச்சிக்குப் போய் நின்றது.

கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் போனது, முகத்தில் ரத்தம் ஓடியது. தோள்கள் இறங்கின. இறைக்கிற சத்தம் அடங்கி அப்பா தூங்கிப்போனார். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிம்மதியில் பாதி அப்பாவுக்காக, பாதி தனக்காக. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அக்கா வந்ததும், நன்றாகத் தூங்குகிறார், எழுப்பாதே என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். திருகைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் நர்ஸ் சொன்னதைக் கேட்க மாட்டாயா என்று ஆரம்பிப்பாள். அதற்குப் பதில் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

கடையில் பெரிய ஆர்டர். முதலாளியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பை கட்டினார். நடுவில் அக்கா போன் பண்ணினாள். டீ போட்டுக் கூப்பிட்டாளாம், அப்பா எழுந்திருக்கவில்லையாம். எத்தனை நாள் தூக்கம் பாக்கி, விடு என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அடுத்து ஃபைட்டர் மீன்கள். ஒரு பையில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்தால் அடித்துக்கொண்டு சாகும். முதலாளி அவசரத்தில் ஒரு ஃபைட்டர் பைக்குள் ஆக்சிஜன் குழாயைச் செருகினார். ரப்பர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"அதுக்கு கேஸ் வேண்டாம் முதலாளி. இது மேல வந்து காத்தைக் குடிக்கிற சாதி. நாம விடுற இந்தச் சாதாக் காத்துதான் இதுக்குப் பழக்கம். சுத்த ஆக்சிஜனை அடைச்சு அனுப்பினா நல்லதில்லை."

முதலாளி அவனைக் கிண்டலாகப் பார்த்தார். "கஞ்சத்தனம் பண்ணாதேன்னு நீதானேடா தினமும் கத்துவ? எல்லாம் மீன்தானே?"

"எல்லாம் மீன்தான். எல்லாத்துக்கும் மூச்சு ஒண்ணா?"

விரலில் மாட்டியிருந்த ரப்பர் பேண்ட் தெறித்துத் தொட்டிக்குள் விழுந்தது. அந்த நர்ஸ் இரண்டாம் தடவை சொன்னபோது அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மிஷினுக்காகக் கவலைப்படுகிறவள் அப்படிப் பார்க்க மாட்டாள்.

ஈரக் கையோடு போனை எடுத்தான். மிஷின் திருகை இரண்டாவது கோட்டுக்கு இறக்கு என்று அக்காவிடம் சொன்னான்.

"யாருடா ஏத்தினது?"

"நான்தான். அப்பாவை எழுப்பு."

அவள் அப்பா, அப்பா என்று கூப்பிடுவதும், கன்னத்தில் தட்டுவதும் போனில் கேட்டது. பிறகு அவள் குரல் மெலிந்து வந்தது. "கண்ணைத் திறக்க மாட்டேங்கிறார்டா."

ஆஸ்பத்திரியில் அப்பாவின் முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க்கை மாட்டி, மிஷினால் காற்றைத் தள்ளி வாங்கினார்கள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. இந்த மாதிரி நெஞ்சு சிலருக்குக் குறைந்த காற்றுக்குப் பழகிவிட்டிருக்கும் என்றார். ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்தால் வெளியே போகவேண்டிய கெட்ட காற்று உள்ளேயே சேர்ந்து ஆளை மயக்கிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல தூக்கம் மாதிரி இருக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் எழுதாதவன் யார்? எழுதினவன் எவன் அளவைப் பார்த்தான்?

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவசரத்தில் ஊசி குத்தின துணியோடேயே வந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் நகரவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாவம் தூங்குறாரேன்னு நான் தையல் மெஷினைக்கூட ஓட்டலைடா. சத்தம் வரும்னு கையாலேயே பட்டன் தைச்சுட்டிருந்தேன். பக்கத்துலேயே."

அவள் கையிலிருந்த துணியிலிருந்து ஊசியைப் பிடுங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டான், அவளுக்குக் குத்திவிடக்கூடாது என்று.

மறுநாள் அப்பா கண் விழித்தார். போன உயிர் திரும்பி வந்தது, அப்பாவுக்கு மட்டுமல்ல. மாஸ்க்கைக் கழற்றினதும் அவனைக் கிட்டே கூப்பிட்டார். காதை வாயருகே கொண்டுபோனான். திட்டுவார் என்று நினைத்தான். அப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நல்ல தூக்கம்டா. ஏன் எழுப்பின?"

இத்தனை வார்த்தை அவர் பேசி மாதக்கணக்காகியிருந்தது. அவன் தலையணையைச் சரி செய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தக் கேள்வி அவனுக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. அவனும் அந்தக் காலை வேளையில் அந்தத் தூக்கத்தைத்தானே விரும்பினான்?

வீட்டுக்கு வந்தபின் எல்லாம் பழையபடி. அதே கட்டில், அதே மிஷின், உருண்டை இரண்டாவது கோட்டில். அப்பாவின் தோள் ஏற ஆரம்பித்தது, வாளி இறைக்கிற சத்தமும். அவர் கண் மிஷினுக்குப் போனது. விரல் ஒன்றைத் தூக்கித் திருகைக் காட்டினார்.

"கொஞ்சம்."

"வேண்டாம்ப்பா."

அவன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அப்பாவை முன்பக்கமாகச் சாய்த்துத் தோளில் தாங்கிக்கொண்டான். சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்பா ஊத மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவனே முதலில் ஊதிக் காட்டினான். தூக்கமில்லாமல் அவன் தலை சுற்றியது. அப்பாவின் விலா எலும்புகள் அவன் நெஞ்சில் இடித்து இடித்து விலகின. அப்பா ஒரு மூச்சைச் சிரமப்பட்டுச் சேர்த்து, அதை அவனுக்காகச் செலவழித்தார்.

"பாவி."

"ஆமாம்ப்பா," என்றான். "ஊதுங்க."