சுத்தியல் விழுந்த கூட்டம்

ஹல்லாசலோ ஊராட்சியில் நிலத்தைவிடத் தண்ணீர் அதிகம். இரண்டு ஏரிகள், நடுவே நீளமாக ஒரு மணல்மேடு, அதன்மேல் தேவாலயம், பள்ளி, சின்னதாய் ஓர் ஆஸ்பத்திரி. தாய்த் திருச்சபையோடு சண்டை போட்டுத் தனி ஊராகப் பிரிந்து, போரில் வீடிழந்து கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டைத் திருத்திக் கொடுத்து, ஆளான ஊர். பிறகு பிள்ளைகள் வேலை தேடி ஒவ்வொருவராகத் தெற்கே போய்விட்டார்கள். இப்போது பக்கத்து நகரத்தோடு இணைத்துவிடலாம் என்கிறார்கள். இணைத்தால் முதலில் மூடப்போவது ஆஸ்பத்திரி என்பது ஊரறிந்த விஷயம்.

அங்கே ஜன்னலோரக் கட்டிலில்தான் ஊராட்சி மன்ற உறுப்பினர் ஆர்மாஸின் மனைவி ஹெல்வி, ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்திருந்தாள். மூடினால் அவளை ஏரிக்கு அந்தப் பக்கம், நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கண்பார்வை மங்கி ஆர்மாஸ் கார் ஓட்டுவதை விட்டாயிற்று. பேருந்தோ எப்போதாவதுதான் வரும்.

"மன்றத்துல உக்காந்து நாற்காலியத் தேச்சது போதும்," என்று காலையில் சொல்லி அனுப்பினாள் ஹெல்வி. "இன்னிக்காவது வாயத் திற."

மன்றக் கூட்டத்தில் தலைவர் ரெய்னோ இணைப்புத் தீர்மானத்தைப் படித்துவிட்டு, "யாருக்காச்சும் மறுப்பு இருக்கா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் முதல் ஆளாகப் பேசுவதைவிட, பனியை உடைத்து ஏரியில் குதிப்பது எங்கள் ஜனத்துக்குச் சுலபம். முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? கெய்யோ ஆரம்பிப்பான் என்று ஆர்மாஸ் காத்திருந்தார். சனிக்கிழமை நீராவிக் குளியலில் இணைப்புக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தியவன் அவன்தான். அவன் தொடங்கினால் பின்னாலேயே எழுந்துவிடலாம். கெய்யோ தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெய்னோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் மூச்சு விடவில்லை. மறுப்பில்லை என்று மரச்சுத்தியல் மேஜையில் விழுந்தது; தீர்மானம் நிறைவேறிவிட்டது.

காப்பியும் ஏலக்காய் பன்னும் வந்தன. அப்புறம் என்ன, எல்லாருக்கும் வாய் வந்துவிட்டது.

"நீ ஆரம்பிப்பேன்னு பாத்தேன்டா," என்றான் கெய்யோ.

"நான் உன்னப் பாத்துட்டு இருந்தேன்."

கோப்பையோடு ரெய்னோவும் வந்து நின்றார். "யாராச்சும் ஒருத்தர் வாயத் திறந்திருந்தா ஓட்டுக்கு விட்டிருப்பேனேப்பா. எனக்கும் இது பிடிக்கலதான்."

"சரி, இப்ப சொல்றேன்," என்றார் ஆர்மாஸ்.

"இப்ப எப்படி? அதான் சுத்தியல் விழுந்தாச்சே."

ஆர்மாஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பன்னை மென்று அதை விழுங்கினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஹெல்வி விழித்துத்தான் இருந்தாள். உறைந்த ஏரி ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

"பேசினியா?"

அவர் கையுறையைக் கழற்றினார். கழற்ற வெகுநேரம் ஆயிற்று.

"பேசியிருப்ப. முகத்துல களைப்பு தெரியுதே," என்றாள். "அப்ப நான் இங்கயே இருக்கலாம்ல?"

இல்லை என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அவர் கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்தார். அவளும் ரெய்னோவைப் போலக் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு நிம்மதியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.