பிராதில் உட்கார்ந்தவள்

"அவ உள்ள வந்து உக்காந்தாளா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

மனைவி சாவித்திரி இப்படிக் கேட்டதும் இராஜமாணிக்கம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆரணியில் அவருக்குப் பட்டு நூல் வியாபாரம். வீட்டின் முன்கூடம்தான் கடை. காலனியில் தறி போட்டிருந்த பாஞ்சாலைமேல், ஆயிரத்து நூறு ரூபாய் நூல் பாக்கி என்று பிராது கொடுத்திருந்தார். அதன் நகல்தான் இப்போது சாவித்திரியின் கையில். "பிரதிவாதி பல தேதிகளில் வாதியின் கடைக்கு நேரில் வந்து, வழக்கம்போல் உட்கார்ந்து, நூலைப் பெற்று, கணக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டார்" என்றது அது.

"வக்கீல் எல்லாருக்கும் அப்பிடித்தான் எழுதுவாரு. பேஜார் பண்ணாத."

"நாலு பேரு படிச்சா நம்ம வூட்டப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

அவள் கவலையில் நியாயம் இருந்தது. ஏழு வருஷத்தில் பாஞ்சாலை அந்த வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. பின்சந்தில் நின்று முந்தானையை ஏந்துவாள்; நூல் மேலிருந்து விழும். எடை உள்ளே, கணக்கும் உள்ளே. அவள் நெய்து தரும் சேலையை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். பட்டுக்குத் தீட்டில்லை என்பது அந்த வீட்டுச் சாஸ்திரம்.

தன் வக்கீலான போளூர் அருணாச்சலம் பிராதைப் படித்துக் காட்டியபோது பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உக்காந்தேனாமா? எந்த எடத்துலன்னு கேளுங்க சார், நானும் தெரிஞ்சிக்கறேன். வாங்குன நூலுக்கெல்லாம் சேலையாக் குடுத்துட்டேன். இப்ப எந்த நூலுக்குப் பாக்கின்னு நான் பதில் சொல்றது?"

"அதையேதான் கேக்கப் போறோம்" என்றார் அவர்.

எந்தத் தேதி, எவ்வளவு எடை, எந்த இடம், யார் முன்னிலையில்? இந்த விவரமில்லாத பிராதுக்கு எதை மறுப்பது, எதை ஒப்புக்கொள்வது என்று மனுப் போட்டார். பதினைந்து நாளில் விவரம் தர வேண்டும் என்று முன்சீப் உத்தரவிட்டார்.

இராஜமாணிக்கம் தம் வக்கீலிடம் ஓடினார். "பின்சந்துல நிக்கவச்சித்தான் குடுத்தேன்னு எழுதிடலாங்களா?"

"எழுதலாம். தீண்டாமைச் சட்டத்துல உங்கமேல கேஸ் வரும். பரவால்லியா?"

ஆகவே, தம் கடையில் சாதி வித்தியாசமே கிடையாது, யாராயிருந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து நூல் வாங்குவதே வழக்கம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். அதை அவர் சாவித்திரியிடம் சொல்லவில்லை. தேதிக்கும் எடைக்கும்தான் வழியில்லை. அவருடைய பேரேட்டில் பாஞ்சாலைக்கு வருஷத்துக்கு ஒரே வரி: 'நூல் வகையில் பாக்கி.'

முன்சீப் பேரேட்டைப் பார்த்தார், மூடினார். பிராது தள்ளுபடியானது.

அடுத்த வெள்ளிக்கிழமை, களம்பூரிலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் கடையில் நூல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலை முன்வாசல் வழியாக வந்தாள். தறி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது, நூல் வேண்டும். படியேறி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு நகர்ந்து நடுவில் நன்றாக உட்கார்ந்தாள்.

"இன்னாமே இது?" என்றார் இராஜமாணிக்கம், குரலை அடக்கி.

"நீங்கதான மொதலாளி சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்துகீறீங்க, இதான் வழக்கம்னு. கோர்ட்டு நகல் கொண்டாந்துகீறேன். படிக்கட்டுமா?"

களம்பூர்க்காரர்கள் ஆவலாகத் திரும்பினார்கள்.

"வேணாம், வேணாம். இன்னா வேணும் சொல்லு."

"ரெண்டு சேலைக்கு நூலு. ரொக்கம் வச்சிகீறேன். என் கண்ணு முன்னால எடை போட்டு, தேதி போட்டு, சீட்டு எழுதிக் குடுங்க."

உள்ளே பாத்திரம் ஒன்று தடாலென்று வைக்கப்பட்டது. "ஜல்தி எழுதிக் குடுத்து அனுப்புங்க!" என்று சாவித்திரியின் குரல் வந்தது.

"அவசரம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்றாள் பாஞ்சாலை, காலை மடக்கிக்கொண்டு. "நிதானமா எழுதட்டும்."