ரேடியேட்டர் மூடியும் ஒரு சக்கரமும்

நேமம் தாண்டுகிறவரை ஞானையனுக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பும் மூன்று நாள் மோட்டார் ஓட்டம் அது. வலியசாலை வக்கீல் பிச்சுமணி ஐயரின் பதினெட்டு வயசு வண்டிக்கு அவன்தான் டிரைவர். பழைய வண்டிகளுக்கென்று தனியாக ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். புறப்பட்ட ஆறு பழைய வண்டிகளில் நாலு வழியிலேயே படுத்துவிட்டன. மிச்சம் இரண்டு. அதில் இவன் வண்டி முன்னால்.

ஐயருக்குக் கோப்பை மேல் ஆசை. ஞானையனுக்கு அதைவிடப் பெரிய ஆசை. மோட்டார் கிளப்பின் தலைவர் ஒரு எஸ்டேட் துரை. ஜெயிக்கிற பழைய வண்டியின் டிரைவருக்குத் தன் எஸ்டேட்டில் ஹெட் டிரைவர் வேலை என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். வேலையோடு வீடும் உண்டு. நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் கிடக்கிற மனுஷனுக்கு இது போதாதா? மூன்று நாளும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மனசுக்குள் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள், ஊர் நெருங்கும் சமயம், நேமம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்க ஆரம்பித்தது. கேனில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிளப்பின் சட்டமோ கறார்: வண்டிக்குத் தண்ணீர் சொந்தக் கேனிலிருந்து, இல்லாவிட்டால் கிளப்பின் சாவடியிலிருந்து. வெளியாரிடம் ஒரு செம்பு வாங்கினாலும் ஆட்டம் முடிந்தது.

"பாப்பனங்கோட்டுல எங்க அக்கா வீடு இருக்கு சாமி. ரோட்டுலேர்ந்து உள்ளே. ஒரு குஞ்சு பாக்காது" என்றான் ஞானையன்.

ஐயர் பின்னாலும் முன்னாலும் பார்த்தார். "சீக்கிரம் விடுடா. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சுண்டு வந்துடணும்" என்றார்.

அக்கா ராகேல் காரணம் கேட்கவில்லை. அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவனிடம் எதற்குக் காரணம் கேட்டிருக்கிறாள்? முந்தானையைச் செருகிக்கொண்டு மூச்சுவிடாமல் வாளி வாளியாக இறைத்துக் கொடுத்தாள். சூடாக இருந்த மூடியைத் துண்டால் திருகி எடுத்துக் கிணற்றுக்கல்லில் வைத்துவிட்டு ஞானையன் ஊற்றினான். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாறது, நேரமாறது" என்று குதித்தார்.

"பைய ஓட்டு மக்கா, கேட்டியா?" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது.

கரமனைப் பாலத்தருகே கடைசிச் சாவடி. எல்லா வண்டிகளும் அங்கே காத்திருந்து, நாலு மணிக்கு ஊர்வலமாக நகருக்குள் போகவேண்டும். சாவடி ரைட்டர் தங்கப்பன் நோட்டும் கையுமாக வண்டியைச் சுற்றி வந்து முன்பக்கம் நின்றார். மூடி இருக்கவேண்டிய இடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஞானையனுக்கு அப்போதுதான் கிணற்றுக்கல் ஞாபகம் வந்தது.

"மூடி எவிடே?"

"வழியிலே எங்கேயோ தெறிச்சு விழுந்துடுத்து" என்றார் ஐயர், கொஞ்சமும் தயங்காமல். கோர்ட்டில் பேசிப் பழகின வாய் அல்லவா!

"ஆமா சார்" என்றான் ஞானையன்.

தங்கப்பன் எழுதிக்கொண்டார். அதோடு போயிருக்கும். ஆனால் அரை மணி நேரம் கழித்து ஒன்றரை மைல் வெயிலில், வெறுங்காலோடு, முந்தானையில் எதையோ சுற்றிப் பிடித்துக்கொண்டு ராகேல் ஓடி வந்தாள். கூட்டத்தில் தம்பியைக் கண்டதும் அந்த முகத்தில் என்ன சந்தோஷம்! கூப்பிட வாயைத் திறந்தாள். அதற்குள் தங்கப்பன் குறுக்கே வந்து முந்தானையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே பித்தளை மூடி.

"இது உனக்கு எங்கே கிட்டியது?" என்றவர் ஞானையன் பக்கம் திரும்பினார். "டிரைவரே, இந்த ஸ்திரீயை அறியுமா?"

ஐயர் அவனைப் பார்த்தார். வெள்ளையடித்த வீடு ஒரு நிமிஷம் கண்ணில் வந்து நின்றது.

"தெரியாது சார்" என்றான் ஞானையன்.

ராகேலின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. ரைட்டரின் நோட்டைப் பார்த்தாள். "ரோட்டுல கெடந்துது அய்யா. வண்டிச் சாமானாச்சேன்னு கொண்டாந்தேன்" என்றாள். பொய் சொல்லிப் பழகாத வாய் அது.

ஐயருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையிலிருந்து ஒரு சக்கரக் காசை எடுத்து, "பாவம், யோக்கியமானவ. இந்தா ஞானையா, அவ கையிலே கொடு" என்று நீட்டினார். தெரிந்தேதான் நீட்டினார், புண்ணியவான்! ஞானையன் மறுத்தால் கதை கந்தல். ரைட்டர் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். காசை வாங்கி அக்காவிடம் நீட்டினான். வாளிக்கயிறு சிவக்க அறுத்திருந்த இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தி அவள் வாங்கிக்கொண்டாள்.

"பெரிய உபகாரம் அய்யா" என்றாள் தம்பியிடம்.

பிறகு என்ன? ஆரியசாலைக் கடைக்காரர்கள் வெடி போட்டார்கள், மாலை போட்டார்கள். ஐயருக்குக் கோப்பை. துரை கைகுலுக்கி, அடுத்த மாசமே வேலைக்கு வரச் சொன்னார். ஞானையன் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினான். அந்த வாரத்தில் இரண்டு தடவை பாப்பனங்கோட்டுக்குப் புறப்பட்டுப் போய், அக்கா வீட்டுச் சந்து முனையிலிருந்தே திரும்பினான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

"கர்த்தர் இவ்வளவு செஞ்சிருக்காரு, ஒரு காணிக்கை குடுக்கப்படாதா?" என்று மனைவி எலிசாள் நச்சரித்தாள். கொடுத்தான். அவர்களும் அக்காவும் போகிற சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவரின் பேரையும் காரணத்தையும் ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் எல்லார் முன்னாலும் வாசிப்பார்.

"ஞானையன், மோட்டார் ஓட்டத்தில் ஜெயம் கிடைத்ததற்கும் புது வேலைக்கும், ஒரு ரூபாய்." எல்லாரும் திரும்பிப் பார்த்து முகம் மலர்ந்தார்கள். உபதேசியார் இன்னும் நாலைந்து பேர் வாசித்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ராகேல் வழியாக, ரோட்டில் பேர் தெரியாத ஒருவர் கொடுத்தது, ஒரு சக்கரம்." பெண்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். "யாருன்னு பேரு கேட்டு வச்சிருக்கப்படாதா ராகேலு?"

ராகேல் எழுந்து நின்றாள். கோபமில்லை அந்தக் குரலில். அதுதான் ஞானையனைக் கொன்றது.

"அவரு என்னையத் தெரியாதுன்னு சொல்லிட்டாரு அய்யா. பெறவு நான் எப்பிடிப் பேரு கேக்க?"

ஞானையன் தன்னையறியாமல் எழுந்தான். "அது நான்தான் அய்யா, ஞானையன்" என்றான்.

உபதேசியார் அவனைப் பார்த்துச் செல்லமாகச் சிரித்தார். "உம்ம பேரு மொதல்லயே வாசிச்சாச்சு ஓய். ஜெயிச்சவருக்கு ரெண்டு வாட்டி வாசிக்கணுமோ? இரியும், இரியும்."

சபை முழுக்கச் சிரித்தது. எலிசாள்கூடச் சிரித்தாள். ராகேல் மட்டும் சிரிக்கவில்லை. ஞானையன் உட்கார்ந்துவிட்டான்.