பாலத்தடியில் விழுந்த தொப்பி

கேள்வியே தப்பு என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆற்றை எதிர்த்துப் படகோட்டுகிறான் ஒருவன். பாலத்தடியில் அவன் தொப்பி தண்ணீரில் விழுகிறது, அவன் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. திரும்பி, அதே வேகத்தில் துடுப்புப் போட்டு, பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் கீழே தொப்பியைப் பிடிக்கிறான். ஆற்றின் வேகம் என்ன? படகின் வேகத்தைச் சொல்லாமல் கேட்டால் எவனால் போட முடியும்?

இயற்பியல் விடைக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. விடை வராவிட்டால் கேள்வியைக் குறை சொல்வது என் வழக்கம். பதிப்பகத்துக்காரர் இந்த முறை விடவில்லை.

"கேள்வி சரிதான் சார். சாயங்காலத்துக்குள்ள விடை வேணும்" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒன்றரைப் பக்கம் கிறுக்கினேன். எதிர் நாற்காலி காலி. அதில் உட்கார்ந்து என் கணக்குகளைச் சரிபார்த்தவள் என் மனைவி. பதினான்கு மாதமாகத் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். என்னை விட்டுப் போய்விட்டாள் என்று கேட்பவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அவள் திரும்பி வர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். கணக்கைச் சாக்காக வைத்து, வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

கேள்வியை வாசித்து முடித்ததுமே, "மணிக்கு மூணு கிலோமீட்டர்" என்றாள்.

"எப்படி?"

"கரையில நின்னு பாக்காதீங்க. தொப்பி பக்கத்துல இருந்து பாருங்க. ரெண்டும் ஒரே தண்ணியிலதான் போகுது. தொப்பியைப் பொறுத்தவரை அது இருந்த இடத்துலயேதான் இருக்கு. படகுதான் பத்து நிமிஷம் விலகிப் போகுது. திரும்பி வரவும் அதே பத்து நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துல ஆறு ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கு. அவ்வளவுதான்."

மூன்றே வரி. எழுதிக்கொண்டேன்.

"என் மண்டையில களிமண்ணுதான்" என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நீ எப்போ வர்றே?"



"நான் எங்க போனேன்? இருந்த இடத்துலயேதான் இருந்தேன். நீங்கதான் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டே இருந்தீங்க."

"எப்போலேருந்து?"

"பெரியவ கல்யாணமாகிப் போனதுலேருந்து. பதினோரு வருஷம்."

போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வரவும் அதே பதினோரு வருடம். எனக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. எவ்வளவு தேடியும் இந்தக் கேள்வியில் ஒரு தப்பும் கிடைக்கவில்லை.